ஷீனா நின்ற முற்றங்கள்

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காரக்கோணத்துக்குத் தெற்கே தேன் விற்கும் ஷீனா ஒரே நேரத்தில் நானூற்றுச் சொச்சம் வீட்டு முற்றங்களில் நின்றாள். அன்று ஏத்தன் வாழைக்குலை விலை சரிந்திருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஷீனாவும் தன் அடுக்களையில் வழக்கம்போலச் சாளைமீன் கழுவிக்கொண்டுதான் இருந்தாள். பாலராமபுரத்திலிருந்து ஒருவர் போன் செய்து, "எந்தா சேச்சி, தேன் வந்தாச்சுன்னு முற்றத்தில நின்னு சொன்னீங்க, நான் மெயில வாசிச்சிட்டு நிமிர்ந்தா ஆளக் காணோம்! ஒரு வாய் வெள்ளம் குடிச்சிட்டுப் போவக்கூடாதா?" என்று குறைபட்டபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

காரணம், வெப்சைட்டில் அவள் எழுதச் சொன்ன ஒரு வரி. அந்த வரிக்குக் காரணம் அவளுடைய அக்கா ராஜபாய். அந்த ஊர்ப்பக்கத்தில் கல்யாணக் கார்டு பேருக்குத்தான். வீடேறிப் போய், உட்கார்ந்து, வாயால் அழைத்தால்தான் விளித்ததாகச் சேரும். மகள் அஞ்சுவின் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் வீடேறி விளித்த ஷீனா, நெய்யாற்றின்கரையில் இருந்த சொந்த அக்காவை மட்டும், அக்காதானே என்ற உரிமையில், போனில் விளித்துவிட்டாள். ராஜபாய் கல்யாணத்துக்கு வரவில்லை. மறுவாரம் பலகாரத்தோடு போய் நின்றவளிடம், "ஆருட்டி அது? போனில விளிச்சவ போனிலயே கரஞ்சு அழுதா போதும்" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள். பிறகு எப்போது போனாலும் கதவு பூட்டியிருக்கும். உள்ளே மிக்சி ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த வருத்தம் ஆறாமல் இருந்த நாளில்தான் வெப்சைட் வந்தது. அம்பூரி ரப்பர் தோட்டங்களில் ஷீனாவின் கணவர் ரெத்தினதாஸ் தேன்பெட்டி வைத்திருந்தார். ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்துவிடும். சீனி கலந்தது என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். பாறசாலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சிஜு, "விக்கிற அன்னைக்கு ஆளத் தேடினா கிட்டாதுக்கா. வெப்சைட்ட எட்டிப் பாக்கிறவனுக்க மெயில அப்பவே வாங்கி வச்சிரணும்" என்றான். உறைந்த தேனைச் சுடாமல் இளக்குவது எப்படி என்று ஷீனா ஒரு குறிப்பு எழுதினாள். மெயில் முகவரி தருகிறவர்களுக்கு அது இலவசம். முகவரி எழுதும் கட்டத்துக்கு மேலே, "தேன் எடுத்ததும் நேரில் வந்து சொல்லுகிறேன்" என்று போடச் சொன்னாள்.

"இது கொஞ்சம் கூடுதலாக்கும். 'சேருங்கள்'னு போட்டா போராதா?" என்றான் சிஜு.

"எலே, ஒருக்கா மரியாத இல்லாம விளிச்சுப் பட்டது போதும். நான் சொன்னத எழுது."

அதன் முறை இப்படி இருந்தது. மெயில் போனதும் அது கிடைத்தவர்கள் முற்றத்தில் ஷீனா நிற்பாள், அதில் உள்ளதை ஒருதரம் சொல்வாள், அவர்கள் வாசித்து முடித்ததும் மறைவாள். வாசிக்காதவர்கள் வீட்டில் வெயிலும் மழையும் கொண்டு நின்றுகொண்டே இருப்பாள். அங்கே காண்பதும் கேட்பதும் வீட்டிலிருக்கும் ஷீனாவுக்கு வந்து சேராது. உடம்பு படுவது மட்டும் வந்து சேரும். குவைத் வெயிலில் அவள் கழுத்து இடவப்பாதி மழைக்காலத்திலும் கறுத்தது. திருச்சூரில் ஒரு நாய் கடித்ததற்கு இங்கே ஊசி போட்டுக்கொண்டாள். சிஜு அந்த வரியை மாற்றிப் பார்த்தான். கொடுத்த வாக்கு மாறவில்லை. போதகர் வந்து ஜெபித்தார். அவரும் பட்டியலில் இருந்தார், மெயிலை வாசிக்கவில்லை. ஜெபித்துத் திரும்பியபோது அவர் வீட்டு முற்றத்திலும் ஷீனா நின்றுகொண்டிருந்தாள். நிறுத்திவிடலாம் என்றால் தேன் விற்றுக்கொண்டிருந்தது. ரெத்தினதாஸ் புதுப்பெட்டிகளும் வாங்கிவிட்டிருந்தார். ஆட்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ராத்திரியானால் அவள் கால் வீங்கியது.

ஒரு முற்றத்துக்கு மட்டும் அவளால் போக முடியவில்லை. அக்கா மகன் அபினிடம் மெயில் முகவரி கேட்டு வாங்கி, ராஜபாயைத் தானே பட்டியலில் சேர்த்தாள். உலகமெல்லாம் நின்றவள் அங்கே நிற்கவில்லை. "கேக்காத ஆளச் சேத்தா போவாதுக்கா. அவங்களா வந்து எழுதித் தரணும்" என்று சிஜு கையை விரித்தான். அக்காவின் எதிர்வீட்டுக்காரி சேர்ந்து, வாசிக்க மறந்துபோனதால், லெந்து நோன்பு நாட்கள் முழுக்க ஷீனா ராஜபாயின் ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். ஜன்னல் திரை ஒருதரம் அசைந்தது என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். அவ்வளவுதான். ஈஸ்டர் கழிந்து அபின் தன் அம்மாவை நியூசிலாந்துக்கு ஒரேயடியாக அழைத்துப் போய்விட்டான். ராஜபாய் தங்கையிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனி மாதத்தில் பட்டியலில் ஒரு பெயர், இந்தமுறை தானாகவே வந்து சேர்ந்தது: ராஜபாய். ஷீனா உடனே மெயில் அனுப்பினாள். வழக்கமான தேன் செய்திதான். அடுத்த நிமிடமே பாதம் இரண்டும் ஐஸ் வைத்ததுபோல் குளிர்ந்தன. மறுநாள் அபின் கூப்பிட்டான்.

"சித்தி, நீங்க இஞ்ச வாசல்ல நிக்கிறீங்க. அம்ம அந்த மெயில வாசிக்கமாட்டேங்குது. நான் வாசிக்கட்டான்னு கேட்டா கையில அடிக்குது."

"என்ன சொல்லுதுலே மக்கா?"

"'இவ்வளவு தூரம் வந்தவ, உடனே போவாண்டாம். நிக்கட்டு'ன்னு."

"கோவத்திலயா சொல்லுது?"

"அது எனக்கும் பிடிபடல சித்தி."

அன்றிலிருந்து ஷீனா அங்கே நிற்கிறாள். தொடர்ந்து வாசிக்காதவர்களை நீக்கிவிடலாமா என்று கம்ப்யூட்டர் அவ்வப்போது கேட்கிறது. மற்றவர்களை அவள் நீக்கிவிடுகிறாள். அந்த ஒரு பெயரை விட்டுவைக்கிறாள். ரெத்தினதாஸ் கம்பளிச் சாக்ஸ் வாங்கி வந்தார். ஓணத்து வெயிலில் அவள் அதைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போகிறாள், யாரும் கேட்பதில்லை. சில நாள் தோளில் சால்வையின் சூடு தெரியும். சில நாள் மாலையில் வலது காது மட்டும் வெதுவெதுப்பாகும். அக்கா பக்கத்தில் வந்து ஏதோ சொல்கிறாள் என்று தெரியும். வைகிறாளா, கொஞ்சுகிறாளா என்று தெரியாது. ஷீனா கைவேலையை நிறுத்திவிட்டு, "ஆமாக்கா, ஆமா" என்பாள். காது ஆறும்வரை ரெத்தினதாஸ் டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பார்.