வெளிச்சத்தில் பார்த்த பூரி

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கிற நவநீதன், ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் போடும் இலவசச் சாப்பாட்டுக்கு உதவ வந்தான். நான் சுட்ட பூரிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல சுருக்கம், இதுல புள்ளி" என்று ஒதுக்கினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பூரி இன்னா ஃபாரினுக்கா போவுது? ஜனம் பசியில நிக்குது தம்பி!"

"குவாலிட்டி முக்கியம்க்கா."

வரிசையில் முதலில் நின்றவள் தாயாரம்மாள், மருமகள் பிரசவத்துக்காக வந்தவள். அதே கம்பெனியில்தான் தையல் வேலை. நேற்று அவள் தைத்ததை நவநீதன் திருப்பி அனுப்பியிருந்தான். அவன் நீட்டிய பூரியை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

"எண்ணெய் ஜாஸ்தி சார். ரிஜெக்ட். அந்த ஒதுக்கின பூரியைக் குடுங்க."

நவநீதன் ஒதுக்கியதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அடுத்து நின்றவரும் தன் பூரியை வெளிச்சத்தில் தூக்கினார்.