கதவுக்கு வெளியே ஒருத்தி

பேய் என்றால் செத்தவர்கள்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? ஆமையைப் பிடித்து ஆட்டியவள் உயிரோடு இருப்பவள். எங்கோ ஒரு வீட்டில் காலையில் எழுந்து, பல் துலக்கி, பஸ் பிடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவள். அவளுக்கு இவன் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் இவன் எந்தக் கதவைத் திறந்தாலும் அந்தப் பக்கம் நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவள் நின்றாள்.

ஆமை என்பது அக்கா வைத்த பெயர். சின்ன வயதில் யாராவது திட்டினால் சட்டைக்குள் தலையை இழுத்துக்கொள்வான். டாக்டருக்குப் படித்து முடித்து, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கிய பிறகும் வீட்டில் அந்தப் பெயர் போகவில்லை. பழக்கமும்தான் போகவில்லையே.

அந்த ஆமைதான் மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் யாரும் எதிர்பார்க்காத ரேங்க் வாங்கினான். லட்சம் பேர் முட்டி மோதுகிற தேர்வு அது. இரண்டு வருடமாக அறைக்குள் அடைந்து, தாடி வளர்த்து, ஆளே பாதியாகி, கடைசியில் வேண்டிய துறையைக் கைகாட்டி எடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டான். அம்மா தலைகால் புரியாமல் எல்லோருக்கும் போன் போட்டாள். இதய நிபுணர் ஆகலாமே என்றார்கள், சர்ஜன் ஆகலாமே என்றார்கள். இவன் ஒரே வார்த்தையில் ரேடியாலஜி என்றான். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிற படிப்பு.

"மச்சி, பொழைக்கத் தெரிஞ்சவன்டா நீ" என்றான் அறைத் தோழன். "ஏசி ரூமு, கைல டீ. எந்தப் பேஷண்டோட சொந்தக்காரனும் உன் சட்டையப் பிடிக்க மாட்டான்."

மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். காசுக்கும் தூக்கத்துக்கும் ஆசைப்படுகிறான் என்று. நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இவனும் சிரித்து மழுப்பினான். உண்மையைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. இவனுக்கு வேண்டியிருந்தது, வெளியே போய் வாய் திறக்கத் தேவையில்லாத ஓர் அறை. படத்தைப் பார்க்கலாம், எழுதி அனுப்பலாம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தாண்டி நடக்க வேண்டியவன் வேறொருவன்.

பயிற்சி வருடத்தில், அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்தது அது. வேலை செய்யும் இடத்தில் சுருண்டு விழுந்த ஓர் ஆளை மத்தியானம் கொண்டுவந்தார்கள். நெஞ்சை அழுத்தினார்கள், மருந்து ஏற்றினார்கள், எல்லாம் செய்தார்கள். பலனில்லை. பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "வெளிய அவரோட வீட்டம்மா நிக்கிறாங்க. போய்ச் சொல்லிட்டு வா" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஆமை கதவைத் திறந்தான். நீலச் சால்வை போர்த்தியிருந்தவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். "எப்படி இருக்காரு தம்பி?" என்று கேட்டாள்.

"பாத்துட்டு இருக்கோம்மா" என்றான்.

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. கதவை மூடிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். ஐந்து நிமிடம் கழித்துப் போய்ச் சரியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். அதற்குள் பெரிய டாக்டரை வேறு வார்டுக்குக் கூப்பிட்டார்கள், டியூட்டி மாறியது, புதிதாக வந்தவர்கள் சொல்லியாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டார்கள். ஆமை பின்வாசல் வழியாக நழுவினான். பொழுது சாய்கிற நேரத்தில் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தபோது அவள் அதே பெஞ்சில் இருந்தாள். அந்தத் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்திருந்தாள், ஒரு மடக்கும் குடிக்கவில்லை. பிறகு ஸ்ட்ரெச்சர் ஒன்று அந்த வழியாக வந்தது. தலையிலிருந்து கணுக்கால் வரை மூடியிருந்தது. அவள் சாக்ஸைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து அவள் வந்துகொண்டிருக்கிறாள். குளியலறைக் கதவுக்கு வெளியே, லிஃப்ட் திறந்தால் எதிரே, பரீட்சை ஹாலில் கடைசி வரிசைக்குப் பின்னால். ஒரு வார்த்தை திட்டினாலும் பரவாயில்லை. எழுந்து நின்று எப்படி இருக்காரு என்று மட்டும் கேட்பாள்.

துறையைத் தேர்ந்தெடுக்கக் கடைசி நாள் வந்தது. சாயங்காலத்துக்குள் இணையத்தில் விருப்பத்தை உறுதி செய்து பூட்டிவிட வேண்டும். பூட்டிவிட்டால் மாற்ற முடியாது. காலையிலேயே பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று உட்கார்ந்தவனை அக்கா போனில் பிடித்தாள்.

"டேய் ஆமை, இன்னிக்கு எனக்கு ஸ்கேன். உங்க மாமாவுக்கு வேலைல லீவு கிடைக்கல, முடிஞ்சதும் நேரா வர்றேன்னு சொல்லியிருக்கார். நீ கூட வாடா."

"நான் எதுக்கு?"

"எதுக்குன்னா? அந்த மெஷினப் பாத்தா எனக்கு ஒண்ணும் புரியாது. நாளைக்கு இதுதானே உன் பொழப்பு. இன்னிக்கே கத்துக்க."

அவள் சிரித்தாள். ஆனால் குரலில் சிரிப்பு இல்லை. போன முறை கரு தங்காமல் போனது. அப்போது அவள் தனியாகத்தான் போயிருந்தாள். இப்போது நாலாம் மாதம். அவள் ஏன் கூப்பிடுகிறாள் என்று இவனுக்குத் தெரிந்தது. வருகிறேன் என்றான்.

ஸ்கேன் அறை குளிர்ந்து இருட்டாக இருந்தது. மெஷினின் இரைச்சல் தாழ்ந்து ஒரே மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் டிஷ்யூ உருளை, ஒரு குப்பைக் கூடை, ஸ்டூல். எதிர்ச் சுவரில் தாய்மார்கள் பார்ப்பதற்கென்று ஒரு திரை மாட்டியிருந்தது. அது அணைந்திருந்தது. முதலில் தான் பார்த்து முடித்த பிறகுதான் ஸ்கேன் டாக்டர் அதைப் போடுவாராம். தலைமுடியில் கண்ணாடியைச் செருகியிருந்த நடுத்தர வயதுப் பெண்மணி அவர்.

"தம்பியா? டாக்டரா?" என்று கேட்டுவிட்டு, "வாங்க, எனக்குப் பின்னாடி நில்லுங்க" என்றார்.

ஆமைக்கு உண்மையில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த இருட்டு, இந்தக் குளிர், வெளிச்சம் விழாத இந்த நாற்காலி. இதற்குத்தானே இரண்டு வருடம் உயிரை விட்டான். கதவு மூடிக்கொண்டது. சால்வைக்காரி வெளியே நின்றுவிட்டாள் என்று தோன்றியது.

டாக்டர் வயிற்றில் களிம்பைத் தடவிக் கருவியை வைத்தார். அவர் முன்னால் இருந்த திரையில் கறுப்பும் சாம்பலுமாய் அசைந்து, ஒரு உருவம் கூடி வந்தது. தலை. வளைந்த முதுகு. மடித்து வைத்த ஒரு கை. சின்னக் கைதான், ஆனால் கை என்று யாரும் சொல்லிவிடலாம். அது அசையவில்லை.

டாக்டர் கருவியைக் கொஞ்சம் சாய்த்தார். மார்பின் நடுவே ஓர் இடத்தில் நிறுத்தினார். அங்கே மினுக் மினுக்கென்று துடிக்க வேண்டும். அதன் மேல் ஒரு கோட்டை வைத்தார். இதயம் துடித்தால் கோட்டுக்குக் கீழே அலை அலையாக வரும். நேராக ஓடியது. நிறத்தைப் போட்டுப் பார்த்தார். ரத்தம் ஓடினால் சிவப்பும் நீலமும் தெறிக்கும். எதுவும் தெறிக்கவில்லை.

உலகத்திலேயே இதை இப்போது தெரிந்தவர்கள் இரண்டே பேர். சுமப்பவளுக்குத் தெரியாது. தகப்பனுக்குத் தெரியாது. அணைந்த திரையைப் பார்த்து அலுத்த அக்கா தலையைத் திருப்பி, இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா?" என்றாள்.

முகத்தில் ஈயாடாமல் நின்றான். பிறகு, கூப்பிடாமல் வந்த விருந்தாளி மாதிரி அது வந்தது.

"பாத்துட்டு இருக்காங்கக்கா."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் திரும்பினான். குப்பைக் கூடைக்கும் சுவருக்கும் இடையே, இந்த அறைக்குள், நீலச் சால்வை நின்றுகொண்டிருந்தது. இங்கேயும் வந்துவிட்டாள். இருட்டில் முகம் தெரியவில்லை. பாட்டிலில் இருந்த தண்ணீர் மட்டும் மெஷின் வெளிச்சத்தில் மின்னியது.

டாக்டர் மணியை அழுத்தி இன்னொரு டாக்டரை வரவழைத்தார். இப்படி ஒன்றை இன்னொரு கண்ணும் பார்க்காமல் உறுதி செய்யக் கூடாது என்பது அந்த வேலையின் கட்டுப்பாடு. வந்தவர் பொறுமையாகப் பார்த்தார், தலையை மட்டும் அசைத்தார், போனார். பிறகு ஸ்கேன் டாக்டர் செய்ததைத்தான் ஆமையால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அவர் அவசரப்படவில்லை. வயிற்றைச் சுத்தமாகத் துடைத்தார், உடையைச் சரிசெய்தார், முதுகில் கைகொடுத்து அக்காவை உட்கார வைத்தார். விளக்கைப் போட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார்.

"குழந்தையோட இதயம் நின்னுருச்சும்மா. நான் நல்லாப் பாத்துட்டேன், அவங்களும் பாத்துட்டாங்க. நீங்க எதுவும் தப்பாப் பண்ணல."

அவ்வளவுதான். பூசி மெழுகவில்லை. அக்கா அழுதாள். அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிடச் சொல்லி வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "இருங்க" என்று ஒரு சத்தம் போட்டார். அழுது தீரும் வரை அந்த ஸ்டூலிலேயே இருந்தார்.

வெளியே போய் வாய் திறக்கத் தேவையில்லாத அறையாம். ஆமைக்குத் தன்னை நினைத்தே வெட்கம் வந்தது.

"வீட்டுக்காரர் வந்திருக்காரா? நான் பேசட்டுமா?" என்றார் டாக்டர்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வேண்டாம் டாக்டர். இவன் சொல்லுவான்."

"அக்கா..."

"உன் மூஞ்சியப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சுடா." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நீ வாயத் திறந்து சொல்ல மாட்டியான்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் இருக்கே, அதுலதான்டா நான் ஒத்தையா இருந்தேன்."

ஆமைக்கு அப்போதுதான் உறைத்தது. சால்வைக்காரி அன்று மத்தியானம் கதவு திறந்ததும் முதலில் பார்த்தது இவன் முகத்தை. அப்படியென்றால் அவளுக்கும் தெரிந்திருக்கிறது. இவன் சொன்னதை நம்பி அவள் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கவில்லை. யாராவது வந்து சொல்லட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

கதவைத் திறந்தான். வெளியே நீளப் பெஞ்ச். மாமா அப்போதுதான் வந்திருந்தார், வேலைச் சட்டையோடு, மூச்சு வாங்க. இவனைக் கண்டதும் எழுந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்ன ஆமை, மருமகப் பிள்ள உன்னைப் பாத்துக் கையாட்டுச்சா?"

தலையை இழுத்துக்கொள்ளச் சட்டை இடம் கொடுக்கவில்லை. ஆமை அவர் கையைப் பிடித்தான்.

"மாமா, உக்காருங்க. குழந்தையோட இதயம் நின்னுருச்சு. குழந்தை இல்ல மாமா. அக்கா நல்லா இருக்கா. உள்ள உங்களுக்காக உக்காந்திருக்கா."

மாமா உட்காரவில்லை. என்ன, என்ன என்று இரண்டு தரம் கேட்டார். இவன் இரண்டு தரமும் அதையே சொன்னான். அவர் நெற்றியை இவன் தோளில் முட்டிக்கொண்டார், அவர் பாரம் முழுக்க இவன் மேல் சாய்ந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு மெல்ல மூடியது.

ஆமை பெஞ்சில் உட்கார்ந்தான். பையில் போன் அதிர்ந்தது. அறைத் தோழன்: பூட்டினியா இல்லையா, நேரம் முடியப் போகுது. திரையைத் திறந்தான். முதல் வரியில் ரேடியாலஜி இருந்தது. ஒளிந்துகொள்ள இடம் என்று நம்பித்தான் அதை அங்கே வைத்திருந்தான். ஒளிய அங்கே இடமே இல்லை என்று இப்போது தெரியும். மற்ற யாரையும்விட முதலில் தெரிந்துகொள்கிற நாற்காலி அது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவரைப் போல ஒரு தடவையாவது தானும் உட்கார வேண்டும் என்று இருந்தது. பூட்டு என்ற இடத்தில் விரலை அழுத்தினான்.

பெஞ்சின் மறுமுனையில் அவள் எழுந்து நின்றாள்.

"எப்படி இருக்காரு தம்பி?"

"இறந்துட்டாரும்மா" என்றான் ஆமை. "மத்தியானமே இறந்துட்டாரு. நான் உங்ககிட்டச் சொல்லல."



"தெரியும்" என்றாள்.

உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள். ஆமை எழுந்து கதவை நோக்கி நடந்தான். பின்னால் அவளும் வந்தாள்.