எதிர்த்திசையில் நடந்த ஆள்

எனக்கு வாய் நீளம். இல்லையென்றால் லாட்ஜ் உரிமையாளர்கள் சங்கத்தின் முன்னால் எழுந்து நின்று, எந்தப் போனில் எந்த பிரவுசரில் திறந்தாலும் வெப்சைட் ஒரே மாதிரி தெரியும் என்று சொல்லியிருக்க மாட்டேன். பெரும்பாலான போன்களில் என்று சொல்லியிருந்தால் போதும். நான் மதிவதனி, வேங்கிக்காலில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து வெப்சைட் செய்து தருகிறவள். வேலையைப் பிடிக்கிற ஆசையில் பொய்க்கும் பெருமைக்கும் நடுவில் எதையோ சொல்லிவிட்டேன்.

கிரிவலப் பாதையிலும் கோயிலைச் சுற்றியும் இருக்கிற பதினான்கு லாட்ஜுகளுக்கும் ஒரே தீம். நிறம், எழுத்து, பட்டன் இருக்கும் இடம் எல்லாம் பொது. பெயரும் படங்களும் மட்டும் அவரவருடையது. சங்கம் வெள்ளிக்கிழமை காலை கூடிச் சரியென்றால், பராமரிப்பு வேலையோடு சேர்த்து இரண்டு வருடத்துக்கு எனக்கு ஊரிலேயே பிழைப்பு. இல்லையென்றால் சென்னை. நான் விட்டுவிட்டு வந்த கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருந்தது. அதே வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். சென்னை ஹாஸ்டலில் நான்கு பேர் அறையில் மூன்று வருடம் இருந்தவள் நான். திரும்பிப் போக எனக்குத் துளியும் மனமில்லை.

தீமில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். பக்கம் திறக்க நேரமானால் வெறும் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்குமே, அதற்குப் பதிலாக மலையை வரைந்து, அதைச் சுற்றி ஒரு குட்டி ஆளை நடக்க விட்டிருந்தேன். தோளில் துண்டு, கையில் கழற்றிய செருப்பு. ராஜகோபுரத்தில் புறப்பட்டு மலையை வலம் வந்து அழகாகத் திரும்பிவிடுவான். என் லேப்டாப்பில் இருந்த நான்கு பிரவுசரிலும் அப்படித்தான் வந்தான். என் போனில் வந்தான், தம்பி போனிலும் வந்தான்.

செவ்வாய்க்கிழமை ரேணுகாம்பாள் அக்கா கூப்பிட்டார். கிரிவலப் பாதையில் லாட்ஜ் வைத்திருக்கிற அவர்தான் சங்கத் தலைவர். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

“மதி, உன் ஆளு ரிட்டர்ன்ல போறாம்மா.”

மலையை வலது கைப்பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும். இந்த ஊரில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் அது தெரியும். அக்காவின் போனிலோ குட்டி ஆள் மலையை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு ஜம்மென்று எதிர்த்திசையில் போகிறானாம். பௌர்ணமியன்று ஒருவன் அப்படி நடந்தால் எதிரே வருகிற அத்தனை பேர் மேலும் முட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ரூம் தேடி வருகிறவன் இதைப் பார்த்தால், இவர்களுக்கு ஊர் வழக்கமே தெரியவில்லை என்று வேறு இடம் பார்த்துக்கொள்வான் என்றார் அக்கா. எனக்கு மானமே போயிற்று.

போனைக் கொடுத்தனுப்புங்கள், சரிசெய்கிறேன் என்றேன். அது நடக்கிற காரியமா? மகள் எப்போதோ வாங்கிக் கொடுத்த போன் அது. அதிலிருந்த பிரவுசர் அப்டேட் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் லாட்ஜுக்கு வருகிற புக்கிங் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். ஆகவே புதன்கிழமை நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவருடைய ரிசப்ஷனில் போய் உட்கார்ந்தேன். ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் கிடைக்கிற ஒன்றரை நிமிடம்தான் எனக்கு.

முதல் திருத்தத்தில் அவர் போனில் ஆள் ஒழுங்காக நடந்தான், என் லேப்டாப்பில் திரும்பிக்கொண்டான். இரண்டாவதில் லேப்டாப் சரியானது, அவர் போனில் திரும்பிக்கொண்டான். மூன்றாவதில் அவர் போனில் ஆளையே காணோம். செருப்பு மட்டும் தனியாக மலையைச் சுற்றியது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆளே பரவாயில்லை என்றார். அந்த ஓட்டை போனையும், அதைச் செய்தவனையும், வாங்கிக் கொடுத்த மகளையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். தப்பு போன் மேல்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அக்கா காபி கொடுத்தார். குடித்துக்கொண்டே, வேறு வழி தெரியாமல், நான் எழுதியதையெல்லாம் முதல் வரியிலிருந்து படித்தேன். ஒரு இடத்தில் இடித்தது. ‘பாதையை முடிவிலிருந்து தொடக்கத்துக்கு நட’ என்று பொருள்படும் ஒரு வரி. புரியாத வரி வந்தால் பிரவுசர் யாரையும் கேள்வி கேட்காது, சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். இந்தப் பழைய பிரவுசரும் அந்த வரியைத் தாண்டிப்போய், நான் வரைந்த பாதையை வரைந்தபடியே நடத்தியிருக்கிறது. சரி, திருப்பி நடத்தச் சொல்லி நான் ஏன் எழுதினேன்? பாதையை ஒழுங்காக வரைந்திருந்தால் அந்த வரிக்கே வேலை இல்லையே.

வரைந்த பாதையைத் திறந்து புள்ளி புள்ளியாகப் பார்த்தேன். ராஜகோபுரத்தில் தொடங்கியிருந்தேன். தெற்கே போயிருக்க வேண்டியவள் வடக்கே திரும்பியிருந்தேன். ஈசான்ய லிங்கம், குபேர லிங்கம் எல்லாம் தாண்டி அடி அண்ணாமலைக்கு வந்து, அங்கே காரணமே இல்லாமல் மூன்று புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் மிச்ச மலையைச் சுற்றியிருந்தேன்.

என் வீடு அடி அண்ணாமலையில். தினமும் வேலை முடிந்து ஸ்கூட்டியில் அந்த வழியாகத்தான் போகிறேன். மவுஸைப் பிடித்த கை வழக்கம்போல வீட்டுக்குப் போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்புறம்தான் கிரிவலத்தை நினைத்திருக்கிறது. ஆள் தப்பாக நடக்கிறான் என்று பார்த்ததும் ஒரு வரியைப் போட்டு அவனைத் திருப்பிவிட்டு, அதை மறந்தும் போயிருக்கிறேன். புது பிரவுசர்கள் நான்கும் என் தப்பை மூடி மறைத்தன. ஓட்டை போன்தான் உள்ளதை உள்ளபடி காட்டியது.

வெட்கத்தை விட்டு அக்காவிடம் சொன்னேன். சென்னைக்குப் போக வேண்டியிருக்குமோ என்று நான் ஏற்கெனவே அவரிடம் புலம்பியிருந்தேன். அவர் லேப்டாப் திரையில் அந்த மூன்று புள்ளிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“மெட்ராசுக்குப் போறவ கையா இது?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வேக வேகமாகப் பாதையை அழித்து, தெற்கே திரும்பி, முறைப்படி வரைந்தேன். திருப்பிவிடும் வரியையும் தூக்கினேன். இரண்டு திரையிலும் ஆள் ஒரே பக்கமாக நடந்தான், செருப்போடு.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பதினான்கு பேரும் அவரவர் போனில் திறந்தார்கள். பதின்மூன்று போனில் ஆள் வலம் வந்தான். ராஜகோபுரத்துக்கு எதிரே லாட்ஜ் வைத்திருக்கிற அர்ஜுனன் மட்டும் போனைத் தூக்கிக் காட்டினார். அதில் ஆள் நகரவே இல்லை. சார்ஜ் குறைந்தால் அசைகிற படங்களை நிறுத்திவிடுகிற போன் அது.

“எந்த போன்லயும் நடப்பான்னு சொன்னியேம்மா. இவன் கோபுரத்தாண்டயே நிக்கிறானே?”

நான் வாயைத் திறப்பதற்குள் ரேணுகாம்பாள் அக்கா முந்திக்கொண்டார்.

“சுத்தி முடிச்சிட்டு கால் வலிச்சி நிக்கிறான். உங்க லாட்ஜு வாசல்லதானே? ரூம் குடுங்கண்ணா.”

முதலில் சிரித்தவர் அர்ஜுனன்தான். அப்புறம் தீமைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. எப்போது போடுவாய் என்று மட்டும் கேட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயை மூடிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒரு காரியம் நடந்தது.

மாலை ஐந்து மணிக்குச் சென்னைக் கம்பெனிக்கு, நான் வரவில்லை என்று இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிட்டு அறையைப் பூட்டினேன். ஸ்கூட்டியைக் கிளப்பி, வீட்டுக்குப் போக மலைப் பாதைக்குத் திரும்பினேன். மலை என்னோடு கூடவே வந்தது, இடது கைப்பக்கம்.