அடையாளமில்லாத துணிகள்

இன்னாசியம்மாள் வீட்டில் மூன்று வேளையும் சாம்பிராணி புகைந்தது. தெருவில் அது நல்ல பேராகவே பரவியது. பிள்ளை தவறிப்போன துக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஓயாமல் செபம் சொல்கிறார்கள், மாதாதான் அவர்களுக்கு ஒரு வழிகாட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பக்தியின் லட்சணம் அவள் புருஷன் மரியசெல்வத்துக்குத்தான் தெரியும். அவன் புகை போட்டது மாதா சுரூபத்துக்கு அல்ல. பரணுக்குக் கீழே கொடியில் தொங்கிய மனைவியின் மூத்திரத் துணிகளுக்கு.

போன வருஷம் மாசியில் அவளுக்கு மூன்று நாள் வலி. மருத்துவச்சி கைவிரித்த பிறகு வண்டியில் வைக்கோலைப் பரப்பிப் படுக்கவைத்துக் குளத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். பிள்ளை உயிரில்லாமல்தான் வந்தது. அவள் பிழைத்துக்கொண்டாள். எட்டாம் நாள் காலையில் பாய் நனைந்திருந்தது. அன்றிலிருந்து நனைந்துகொண்டேதான் இருக்கிறது. அடக்கவும் முடியாது, வருவதும் தெரியாது, சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கும். பிள்ளைக்கு ஆகுமென்று பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்து வைத்திருந்தாளே, அத்தனையும் அவளுக்கே ஆயிற்று.

அந்தத் துணிகளை மரியசெல்வம்தான் துவைத்தான். ஆம்பிளை துணி துவைத்தால் என்ன என்று நெஞ்சை நிமிர்த்துகிற ஆள் இல்லை அவன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து சாகிற ஆள். ஆனாலும் ஒரு நாள் தவறாமல் துவைத்தான். கிழக்கு வெளுக்கும்போதே கண்மாயின் கோடிக்குப் போய், அலசிப் பிழிந்து, மேலே புல்லைப் போட்டு மறைத்துக் கூடையில் எடுத்து வருவான். வெளியே காயப்போட்டால் ஊர் எண்ணிப் பார்த்துவிடுமே. அதனால் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே உலர்த்துவான். துணி உலர்வதற்குள் அதில் ஒரு புழுங்கல் வாடை ஏறிவிடும். அதை மறைக்கத்தான் சாம்பிராணி. சாம்பிராணியும் மூத்திரமும் கலந்தால் வருகிற நாற்றம் இருக்கிறதே, அதைவிடச் சும்மா நாறியிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும்.

ஐப்பசியில் அவளைத் திருச்சிக்குக் காட்டக் கூட்டிப்போனான். பஸ் கீரனூர் தாண்டியதும் ஒருத்தர் துண்டை எடுத்து மூக்கை மூடினார். பிறகு எல்லோரும் மூடினார்கள். கண்டக்டர் சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு விசில் ஊதினான். இருவரும் ரோட்டில் இறங்கி நின்றார்கள். புகை விட்டுக்கொண்டு பஸ் போனது. எட்டு மைல் நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். வாசற்படியில் கால் வைக்கும்போது, இனி செத்தாலும் பஸ் ஏறமாட்டேன் என்றாள் அவள்.

இந்த நிலையில்தான் ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி கோயிலுக்கு மருந்து கொடுக்க வந்தார். இன்னாசியம்மாளை உள்ளறையில் வைத்துப் பார்த்தார். உள்ளே ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது, தைத்தால் மூடிவிடும், தைக்கத் தெரிந்த டாக்டரம்மா இப்போது திருச்சியில் இருக்கிறார் என்றார். ஈஸ்டர் பாஸ்குத் திருநாள் முடிந்த புதன்கிழமைக்கு அவள் பேரை எழுதியும் வைத்துவிட்டார். அந்த அம்மா சித்திரைக்கு மேல் தன் சீமைக்குப் போகிறார், திரும்பி வருவாரோ மாட்டாரோ, அதனால் தேதி தவறக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

மரியசெல்வத்துக்குத் தலைகால் புரியவில்லை. கன்னியாஸ்திரியின் காலைத் தொடப்போனான், அவர் விலகிக்கொண்டார். ஆனால் இன்னாசியம்மாள் அன்று முழுக்க அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எப்படிங்க போவேன்? பஸ்ல போகமாட்டேன். வண்டியக் கண்டாலே ஒடம்பு நடுங்குது. விட்ருங்க, இப்படியே கெடந்துட்டுப் போறேன்."

அவன் கெஞ்சினான், கோபித்தான், ஒரு வேளை சோறு உண்ணாமல் கிடந்தும் பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை. அவள் தன் பங்குக்குத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தாள். குடித்தால்தானே ஒழுகும் என்பது அவள் கணக்கு. காலையில் இரண்டு மடக்கு, ராத்திரி இரண்டு மடக்கு. உதடு வெடித்திருந்தது. புதன்கிழமைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

கண்மாய்க் கோடியில் ஒரு நாள் விடிகாலை அவன் பிடிபட்டான். பிடித்தது சொர்ணம். அந்த ஊருக்குத் துணி வெளுக்கிறவள், முப்பத்தைந்து வயதிருக்கும், வாய் நீளம். அவள் கழுதை வழக்கமான துறையை விட்டு அங்கிட்டுப் போக, அதைத் தேடி வந்தவள் முழங்கால் தண்ணீரில் நின்ற மரியசெல்வத்தைப் பார்த்தாள். அவன் துணியைத் தண்ணீருக்குள் அமுக்கினான். எதை அமுக்கி என்ன? கூடையில் ஒன்பது துணி இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. அந்த வீட்டு மூட்டையில் ஒரு வருஷத்துக்கு மேலாகச் சேலை வராதது அவளுக்குத் தெரியும். வேட்டியும் துண்டும் மட்டும் வரும். ஒரு வீட்டு மூட்டையில் என்ன வரவில்லை என்பதை வைத்தே அந்த வீட்டு நோவைச் சொல்லிவிடக்கூடியவள் அவள். கரையில் உட்கார்ந்து ஒரு துணியை எடுத்தாள், வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி மூக்கில் வைத்து இழுத்தாள். மரியசெல்வத்துக்கு அந்தக் கண்மாயிலேயே முங்கிப் போய்விடலாம் போலிருந்தது.

"தொவைச்சதுல கொறையில்லைங்க. இது காயாத நாத்தம். வெயில் படாத துணிய நீங்க ஏழு தண்ணியில அலசினாலும் நாறத்தான் செய்யும்." மறுபடி மோந்தாள். "அம்மா எம்புட்டுத் தண்ணி குடிக்கிறாங்க?"

அவன் சொன்னான்.

"அங்கதான் தப்பு. குடிச்சாலும் எறங்கும், குடிக்காட்டியும் எறங்கும். குடிக்காட்டி மஞ்சளாக் கடுத்துல்ல எறங்கும். அதுதான் இந்த நெடி."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பதின்மூன்று மாதமாக இதைப்பற்றி ஊரில் ஒருவரிடமும் அவன் பேசியதில்லை. இப்போது ஒருத்தி அதைச் சோறு கறி மாதிரிப் பேசுகிறாள். பஸ், கன்னியாஸ்திரி, புதன்கிழமை எல்லாவற்றையும் அங்கேயே தண்ணீரில் நின்றபடி கொட்டித் தீர்த்தான்.

அன்று மத்தியானம் சொர்ணம் கொல்லைப்பக்கமாக வந்தாள். இன்னாசியம்மாள் அவளைக் கண்டதும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். புருஷன்மேல் அவளுக்கு வந்த கோபத்தில் கண் சிவந்துவிட்டது. கட்டின மானத்தைக் கண்மாய்க்கரையில் அவிழ்த்துவிட்டாரே என்று பொருமினாள்.

"ஒனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரிதானே, சொர்ணம்?"

"என் வாய் அப்பிடிப்பட்ட வாயா இருந்தா, இந்த ஊர்ல ஒரு வீட்டுலயும் பொண்ணெடுக்க மாட்டாங்கம்மா," என்றாள் சொர்ணம். "ஊருக்குத் துணி வெளுக்குறவ நான். யார் யாருக்கு என்னன்னு எனக்குத் தெரியாதா? பெரிய மீசை வச்சுக்கிட்டுப் பஞ்சாயத்துப் பேசுறவுக வேட்டியும் என் கல்லுக்குத்தான் வருது. எதையாவது நான் சொல்லி நீங்க கேட்டிருக்கீகளா?"

இன்னாசியம்மாள் யோசித்துப் பார்த்தாள். கேட்டதில்லை. ஆனாலும் வெயிலில் விரித்தால் யாருடையது என்று தெரிந்துவிடுமே என்றாள். அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. ஒவ்வொரு வீட்டுத் துணியிலும் ஓரத்தில் சேங்கொட்டைப் பாலால் ஒரு அடையாளம் உண்டு. இவர்கள் வீட்டுக்கு இரண்டு புள்ளி, ஒரு கோடு. அது எவ்வளவு வெளுத்தாலும் போகாது. ஊர்ப் பெண்களில் பாதிப்பேருக்கு யார் வீட்டுக்கு எந்த அடையாளம் என்பது மனப்பாடம்.

சொர்ணம் அதையும் யோசித்துத்தான் வந்திருந்தாள். பழைய வேட்டித் துணியை எல்லாம் தள்ளிவிடச் சொன்னாள். தன் சேலைகள் இரண்டைக் கிழித்துத் தைத்த துணிகளை மடியிலிருந்து எடுத்து வைத்தாள். ஒன்றிலும் அடையாளம் இல்லை.

"என் வீட்டுத் துணிக்கு மட்டும் அடையாளம் போடுறதில்லைங்கம்மா. வெறுமனே கெடந்தா, அது சொர்ணத்தோடதுன்னு போயிருவாக."

இன்னாசியம்மாளுக்கு இது உறைக்கச் சற்று நேரமாயிற்று. உறைத்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த வருஷத்தில் அவளுக்கு யாரும் இவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கவில்லை.

மறுநாள் முதல் சாம்பிராணி நின்றது. தெருவில் பக்தி குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள், சொல்லட்டும். நனைந்த துணியை மூலையில் குவிக்காமல், அடியில் சாம்பல் போட்ட மூடிப் பானையில் போட வேண்டும் என்றாள் சொர்ணம். துணி முழுக்க ஊறும்வரை காத்திராமல் மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். தொடையிடுக்கில் வெந்து கிடந்த புண் அந்த எண்ணெயிலேயே ஒரு வாரத்தில் ஆறியது. சாயங்காலம் சொர்ணம் பானையைத் தூக்கிப்போய், அழுக்கெடுக்கிற உவர்மண் போட்டு வெள்ளாவியில் அவித்து, கண்மாய்க்கரையில் ஊர்த் துணிகளுக்கு நடுவே பளிச்சென்ற வெயிலில் விரிப்பாள். மொடமொடவென்று காய்ந்து வரும். அதில் வெயில் வாசனை மட்டும்தான் இருக்கும்.

ஒரு நாள் தண்ணிக்கு வந்த பெண் ஒருத்தி, இத்தனை துண்டுத் துணி யாருக்கு என்று கேட்டாளாம். எனக்குத்தான், வயசாகுதில்ல என்றாளாம் சொர்ணம். அன்று முதல் துறையில் நாலு பேர் அவளுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். இதை அவள் இன்னாசியம்மாளிடம் சொல்லவில்லை. மரியசெல்வம் தன் கண்ணாலேயே பார்த்தான், பார்த்ததைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

தண்ணீர்தான் பெரும்பாடு. முதல் நாள் ஒரு சொம்பை முழுக்கக் குடிக்க அவளுக்கு அரைநாள் ஆயிற்று. விஷம் குடிக்கிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். நாலாம் நாள் துணியில் மஞ்சள் கறை இல்லை.

வாடை போய்விட்டது என்று மரியசெல்வம் சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை. ஒங்க மூக்கு எப்பவோ செத்துப்போச்சு என்றாள். அது உண்மைதான், அவனுக்கே தன் மூக்கின்மேல் நம்பிக்கை இல்லை. அதனால் சொர்ணத்தின் மூக்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. தினமும் கொல்லைக் கதவருகே நின்று ஒரு இழுப்பு இழுப்பாள். முதல் வாரம், இருக்கும்மா என்றாள். இரண்டாம் வாரம், லேசா என்றாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நெடுநேரம் நின்றாள். புருஷனும் பெண்டாட்டியும் பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"ரசத்துல மொளகு தூக்கலா இருக்கும்மா," என்றாள் சொர்ணம்.

அவள் மூக்குக்கு எட்டியது அவ்வளவுதான். இன்னாசியம்மாள் உள்ளே போய்ச் சேலையை மடித்துப் பையில் வைத்தாள்.

புதன்கிழமை முதல் பஸ். ஏறுவதற்கு முன் மாற்றிக்கொண்டாள். உள்ளே மெத்தென்று மூன்று மடிப்பு, வெளியே நெருக்கமாக நெய்த கெட்டித் துணி. மாற்றுத் துணிகளும், சாம்பல் போட்ட தகர டின்னும் மரியசெல்வத்தின் பையில். அவள் முன்பக்கம் பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவனுக்குப் பஸ்ஸின் பின்பக்கம்தான் நிற்க இடம் கிடைத்தது. கண்டக்டர் அதே ஆள்தான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனான், திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. முன்வாசலில் ஏறிய இரண்டு பெண்கள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் சும்மா உட்கார்ந்தார்களோ, வாடைக்கு விலகினார்களோ? இந்தத் தடவையும் இறக்கிவிட்டால் அவள் உயிரோடு இருக்கமாட்டாள் என்று மரியசெல்வத்துக்குத் தோன்றியது. தெரிந்த செபமெல்லாம் சொன்னான்.

கீரனூரில் கூட்டம் முட்டி மோதி ஏறியது. கூடையும் பையுமாக ஒரு பெண், இடுப்பில் ஏழெட்டு மாதப் பிள்ளை. யார் என்ன என்று பார்க்கவில்லை. இதக் கொஞ்சம் புடிங்க தாயி என்று பிள்ளையை இன்னாசியம்மாள் மடியில் போட்டுவிட்டு, கூடையைச் சீட்டுக்கடியில் தள்ளி, அவளை ஒட்டியே உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டாள். பஸ் புறப்பட்டது. கூட்டத்தில் மரியசெல்வத்துக்கு மனைவியின் முதுகு மட்டும் தெரிந்தது. பிள்ளை தூக்கி ஒரு வருஷமாயிற்று. தூக்கியே இராத கைகள் என்றும் சொல்லலாம். அவை பிள்ளையை எப்படிப் பிடித்திருக்கின்றன என்று எட்டி எட்டிப் பார்த்தான், தெரியவில்லை.

ஒரு ரெண்டு மைல் போயிருக்கும். அவள் தோள் குலுங்கியது. பக்கத்துப் பெண் பதறிப்போய் ஏதோ சொல்லி, தன் முந்தானையால் அவள் மடியைத் துடைக்கப் போனாள். மரியசெல்வத்துக்கு உயிர் போய்விட்டது. எல்லாம் கெட்டது, ஊறிவிட்டது என்று, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கால்களை மிதித்து வசவு வாங்கி முன்னால் வந்து சேர்ந்தான். சேலை தொடையோடு நனைந்திருந்தது. அவள் பிள்ளையைத் தாயிடம் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

"நான் இல்லைங்க," என்றாள். "இவன்."