மஞ்சள் புள்ளி

அந்த அலுவலகத்தில் எவருடைய கணினியும் உறங்கலாகாது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வேலைக்குச் சேர்கிற எவரும் முதல் நாளே மின் அமைப்புகளைத் திறந்து, ‘உறக்கம்’ என்பதற்கு எதிரே ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று தேர்ந்தெடுத்துவிடுவார். கணினி உறங்கினால் அரட்டைப் பலகையில் பெயருக்கு அருகிலுள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகும். மஞ்சளானவர் வேலையில் இல்லாதவர்.

மின்கட்டணம் எகிறியதும் தலைமையகம் அந்தத் தெரிவையே பூட்டிவிட்டது. ஐந்து நிமிடம் கைபடாவிட்டால் இனி எந்தக் கணினியும் தானாகக் கண்மூடிவிடும். அலுவலகம் அசரவில்லை. மவுஸின் அடியில் கைக்கடிகாரம் ஒன்றைக் கிடத்தினால் நொடிமுள் நகர நகர அம்புக்குறி மெல்ல நடுங்கும். கணினியும் யாரோ இருப்பதாக ஏமாந்துகொண்டிருக்கும்.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியிருந்த மெய்ப்புத் திருத்துபவளிடம் கடிகாரம் இல்லை. மார்பில் பால் கட்டும்போதெல்லாம் அவள் பொருள் வைப்பறைக்குப் போய்ப் பீய்ச்சிவிட்டு வர வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, வேண்டாமா என்று மேலாளர் முடிவெடுக்கும் வாரம் வேறு. பக்கம் வடிவமைக்கும் அக்காதான் கைகொடுத்தாள்.

“இந்தா, என் வீட்டுக்காரர் வாட்ச். அவரைவிட ஒழுங்கா வேலை பாக்கும்.”

அன்று அதை மவுஸின் அடியில் வைத்துவிட்டுப் போனவள் பாதிதான் பீய்ச்சியிருப்பாள். “ஓடி வா” என்று அக்காவிடமிருந்து செய்தி வந்தது. புடவையைச் சரிசெய்துகொண்டு விரைந்தவள், தன் மேசையருகே மேலாளர் நிற்பதைக் கண்டாள். ஆளில்லாத நாற்காலியின் முன்னே அம்புக்குறி நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் மவுஸைத் தூக்கினார்.

“நீங்க இல்லாதப்பவும் உங்க மவுஸ் நல்லா உழைக்குதும்மா. யார் வாட்ச் இது?”

சுற்றிலும் கைகள் அவரவர் மவுஸின் மேல் மெல்லக் கவிந்தன. அக்கா திரைக்குள்ளேயே புகுந்துவிடுபவளைப் போலக் குனிந்துகொண்டாள். ஈரம் ரவிக்கையைத் தாண்டிப் பரவுவதை மெய்ப்புத் திருத்துபவள் உணர்ந்தாள். ‘வீட்டில் கிடந்தது’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். மார்பு விண்ணென்று தெறித்தது, உட்கார முடியாது.

“யாருதா இருந்தா என்ன சார், இனிமே எனக்கு வேண்டாம்.”

“அடுத்த வாரம் கான்ட்ராக்ட் பேசணும். ஞாபகம் இருக்கில்ல?”

“இருக்கு சார்.”

அவர் கையிலிருந்த மவுஸை வாங்கி, மேசைமேல் வைத்து, கணினியை நிறுத்தும் பட்டியலைத் திறந்தாள். ‘உறக்கம்’ என்ற சொல்லின்மேல் அம்புக்குறி நின்றது.

“பால் எடுக்கப் போறேன். இருபது நிமிஷம் ஆகும்,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு அழுத்தினாள்.

கணினிக்குள் விசிறியின் முனகல் அடங்கியது. அவள் நடந்தாள். இருண்ட திரையில் மேலாளரின் முகம் மட்டும் தெரிந்தது.