தரமாட்டேன் என்றாள் தங்கை

அச்சகக்காரருக்கு நூற்று முப்பத்திரண்டு கிலோ உடம்பு, பதினான்கு வருடச் சர்க்கரை. சிறுநீரில் புரதம் கசிகிறது, இப்படியே போனால் சில வருடங்களில் டயாலிசிஸ்தான் என்று டாக்டர் சொன்ன அன்றே, அம்மாவின் கண் தையற்கடை வைத்திருந்த தங்கை மேல் விழுந்தது.

"உனக்குத்தான் ரெண்டு கிட்னி இருக்கேடி, அண்ணனுக்கு ஒண்ணு குடுத்தா என்ன?" என்று ஃபோனில் கேட்டே விட்டாள்.

மறுநாள் காலை தங்கை அச்சகத்துக்குள் புயலாக நுழைந்தாள். ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்கும் மேலாகக் கத்தினாள்.

"நாளைக்கு உனக்குக் கிட்னி போனா நான் அறுத்துக் குடுக்கணுமா?"

"நான் எங்க கேட்டேன்?"

"கேக்கல. அம்மா கேட்டப்ப வாயை மூடிட்டுப் பக்கத்துலதானே இருந்த?"

உண்மைதான். ஆனால் வாயை மூடியிருக்கவில்லை, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"உடம்பு இளைக்க மூணு வருஷமா டாக்டர் சொல்ற வயித்து ஆபரேஷனை முதல்ல பண்ணிக்கோ. உன்னால வாயைக் கட்ட முடியாது, வயித்தையாவது வெட்டு!"

காகிதம் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் குனிந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவரை ஆபரேஷன் மேசையில் படுக்கவைத்தது.

வெட்டித் தைத்ததில் இரைப்பை வாழைப்பழ அளவுக்குச் சுருங்கியது. நாலு கரண்டி சூப் உள்ளே போனால் மூன்று வெளியே வந்தது. தண்ணீர் குறைந்தால் இருக்கிற கிட்னிக்கும் ஆபத்து என்று நர்ஸ் மிரட்டியிருந்ததால், நாள் முழுக்க வாய் வாயாகக் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் தங்கைக்கு ஒரு வசவு. தினம் ஒன்றரை லிட்டர் வசவு.

ஒரு வருடத்தில் நாற்பத்தொரு கிலோ இறங்கியது. இன்சுலின் நின்றது.

"கெட்டுப்போன பகுதி திரும்பாது. ஆனா கசிவு நல்லாவே குறைஞ்சிருக்கு. எல்லாருக்கும் இப்படி அமையறதில்ல" என்றார் டாக்டர். "டயாலிசிஸ் பேச்சை இப்போதைக்கு விட்டுடலாம். டெஸ்ட்டை மட்டும் விட்டுடாதீங்க."

அச்சகக்காரர் நேரே தையற்கடைக்குப் போய், வெட்டிக்கொண்டிருந்த துணிமேல் ரிப்போர்ட்டை வீசினார்.

"நல்லாப் படி. உன் கிட்னியை நீயே வச்சுக்கோ."

அவள் இரண்டு முறை படித்தாள். உதடு ஒரு கணம் நடுங்கியதை அவர் பார்த்துவிட்டார். அதில் அவருக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது.

"இடுப்புல பின்னைக் குத்திட்டு நிக்கிற, அசிங்கமா. பேண்டைக் குடுத்தனுப்பு, பிடிச்சுத் தரேன்."

"ஊர்ல வேற தையல்காரனே இல்லையா?"

"அப்ப வெளிய போ. துணி அழுக்காகுது."

போனார். அடுத்த தெருக் கடையில் அளவெடுத்தவர் வாய்பிளந்தார்.

"இப்படி இளைச்சுட்டீங்களே! எந்த டாக்டர் சார்?"

"டாக்டரா? ஒரு ராட்சசி."

இன்றுவரை அண்ணன் தங்கைக்குள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும், புது ரிப்போர்ட்டின் நகல் ஒன்று தையற்கடைக் கதவிடுக்கில் செருகியிருக்கும். அவளும் கிழித்துப் போடுவதில்லை.