இணைச்சீர்ப் பக்கம்

மல்லசமுத்திரத்துச் சௌந்திரம் டீச்சர் எழுதிய நாவலைக் கடையில் விற்கக் கூடாது என்று ஊரே திரண்டு நின்றபோது, அவளோடு நின்றது ஒரே ஒரு ஆள்தான். அவளுடைய அண்ணன் நாச்சிமுத்து. ரிக் வண்டி இரண்டு வைத்து மத்தியப்பிரதேசம் வரைக்கும் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். அமைதிப் பேச்சுவார்த்தைக்கு வரச்சொல்லி வருவாய் அதிகாரி ஆள் விட்டதும், வேலையைப் போட்டுவிட்டுத் தன் காரிலேயே அவளைக் கூட்டிவந்தார்.

“நீ ஒன்னுக்கும் பயப்படாத சாமி. நானிருக்கறனல்ல?” என்றார் வழி நெடுக.

அவளும் பயப்படவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும்? கொலையா செய்தாள், கொள்ளையா அடித்தாள்? அவள் எழுதியது ஊரறிந்த சங்கதி. கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் பக்கத்தில் நின்று செய்வது இணைச்சீர். அவள் தாலியறுத்தவளாக இருந்துவிட்டால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்; பெரியப்பன் மகளோ சித்தப்பன் மகளோ நிற்பாள். இருபத்து நான்கு வயதில் சௌந்திரம் அப்படித்தான், அண்ணன் கல்யாணத்தன்று சமையல் கொட்டகையில் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம் பாருங்கள், அந்த வசதிக்குத்தான்.

நாவலில் வரும் அண்ணன் மட்டும் தங்கமானவன். “என்ற தங்கச்சி நிக்காத சீரு எனக்கு வேண்டாம்” என்று பங்காளிகளோடு மல்லுக்கட்டுவான். அவர்கள் அவன் வாயை அடக்கிவிடுவார்கள். நிஜத்திலும் அப்படித்தான் நடந்ததென்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் சௌந்திரம் இருபத்தைந்து வருஷத்தை ஓட்டினாள், நாவலையும் எழுதினாள்.

அண்ணன் மல்லுக்கட்டும் பக்கத்தை விட்டுவிட்டு, தங்கையை ஒதுக்கிவைக்கும் இணைச்சீர்ப் பக்கத்தை மட்டும் எவனோ ஜெராக்ஸ் எடுத்து, “சீரைக் கேவலப்படுத்தி எழுதியிருக்கிறாள்” என்று தலைப்புப் போட்டு, டீக்கடை, பஸ் ஸ்டாண்டு என்று இறைத்துவிட்டான். நாவலை ஒரு பயல் படித்ததில்லை, ஜெராக்ஸைப் படிக்காத ஆளில்லை! சௌந்திரம் மட்டும் வீம்புக்கு அந்தத் தாளைத் தொடவேயில்லை.

பேச்சுவார்த்தையன்றைக்குத் தொட வேண்டியதாயிற்று. புத்தகத்தை எதிர்த்து நின்ற சாதிச் சங்கத்தின் தலைவர் செல்லமுத்து அதை அதிகாரியின் மேசையில் விசிறிப் போட்டார். “நீங்களே படிச்சுப் பாருங்க சார்!”

தாள் சறுக்கிக்கொண்டு சௌந்திரத்தின் பக்கம் வந்தது. தமிழ் டீச்சர் கண்ணல்லவா, முதல் வரியிலேயே ஒரு சொல்லில் நின்றுவிட்டது. “ஊட்டுக்குள்ள போ” என்றிருந்தது. புத்தகத்தில் அப்படி இல்லை. பதிப்பகத்தில் பிழை திருத்திய சென்னைக்காரர், அவள் எவ்வளவோ சண்டை போட்டும் கேட்காமல், ஊட்டையெல்லாம் வீடாக்கித்தான் அச்சுக்கு விட்டார். ஊடு ஊடாகவே இருந்தது அதற்கு முன்னால் அவள் கம்ப்யூட்டர் சென்டரில் எடுத்த ஒரே ஒரு பிரதியில். அது அண்ணன் கைக்குத்தான் போனது. படித்துவிட்டு, “ஒரு எழுத்தும் மாத்த வேண்டாஞ் சாமி, அருமையா இருக்குது” என்று திருப்பித் தந்தவர் அவர்.

சௌந்திரம் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “ஒரு நிமிசம் வாங்கண்ணா” என்று அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

“இதை அவங்களுக்குக் குடுத்தது நீங்கதானுங்களா?”

நாச்சிமுத்து வேப்பமரத்தடியில் நின்ற காரைப் பார்த்தார்.

“கேக்கறனல்லங்கண்ணா? பிடிக்கலீன்னா எங்கிட்டச் சொல்லியிருந்தா அந்தப் பக்கத்தையே கிழிச்சுப் போட்டிருப்பனே!”

“சொன்னா ஏன்னு கேப்பியே கண்ணு.” “நான் எங்க மல்லுக்கட்டுனேன்? உன்னையத் தேத்தறக்கு அம்மா சொன்ன பொய்யி அது. தங்கச்சி நின்னா என்ற குடும்பம் வெளங்குமான்னு கேட்டவனே நான்தான். பங்காளிக அத்தனை பேருக்குந் தெரியும். என்னைய நீ சாமியாட்ட எழுதி வெச்சிருக்கறதை அவனுக படிச்சா காறித் துப்ப மாட்டானுகளா? புத்தகமே நின்னுபோனாத் தேவலைன்னு பட்டுது.”

அவளுக்கு அழுகை வரவில்லை. ஊர் சேர்ந்து ஏசியபோதுகூட நெஞ்சு இப்படி வலிக்கவில்லை. பாவி மனுசன், இத்தனை வருஷமும் பொங்கலுக்குப் பொங்கல் புடவை எடுத்துக்கொடுத்தாரே, அதெல்லாம் எதற்கென்று இப்போது விளங்கியது.

உள்ளே போய் அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்தாள். “புத்தகத்தை வாபஸ் வாங்கிக்கறேனுங்க. அதுல ஒரு பொய்யி இருக்குது, அதுக்காகன்னு எழுதிக்குங்க.”

“அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா. பொதுமக்கள் மனம் புண்பட்டதால்னு ஏற்கெனவே டைப் பண்ணியாச்சு.”

“யாரு மனசோ புண்பட்டுது, உடுங்க” என்று கையெழுத்துப் போட்டாள். செல்லமுத்துவின் ஆட்கள் கைதட்டினார்கள்.

“கீழ சாட்சி வேணும். சொந்தக்காரங்க யாராவது போடுங்க” என்றார் அதிகாரி.

நாச்சிமுத்து கதவோரமாகவே நின்றார். சௌந்திரம் எழுந்து, பேனாவை அவர் பக்கம் நீட்டினாள்.

“வாங்கண்ணா. இதுக்காச்சும் என்ற பக்கத்துல வந்து நில்லுங்க.”

அவர் வந்து நின்று, கையெழுத்துப் போட்டார்.